இந்த வருடம் வந்திருப்பது எந்த டெங்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை பிடித்ததும் டெங்கு செய்திகளும் வரத் தொடங்கிவிடும். எந்த மாவட்டத்தில் எத்தனை பேர், எத்தனை இறப்பு என்று இருக்கும். கூடவே ‘வீரியம் மிக்க டெங்கு’, ‘உருமாறிய டெங்கு’ என்று ஒரு சொல்லும் வந்து விழும். அது எந்த வகை, எங்கே பரிசோதித்தார்கள் என்பது மட்டும் இருக்காது. பல்லடத்தில் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். அந்தச் சொல்லைப் படித்துப் பயந்து வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது என் தலையில்தான் விடிகிறது.

டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒவ்வொரு வகைக்குள்ளும் பல கிளைகள். அதன் மரபணு சுமார் 10,700 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்என்ஏ இழை. நகலெடுக்கும்போது விழும் பிழையைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு அதற்கு இல்லை. ஆகவே உருமாறாத டெங்கு என்று ஒன்று கிடையாது. அந்த மாற்றத்தால் நோய் கடுமையாகிறதா என்பதுதான் கேள்வி.

பெரு நாட்டு இக்கிடோஸ் நகரில் 1990-ல் முதல் வகை பரவியது. 1995-ல் இரண்டாம் வகை வந்தது. ஒரு வகை வந்து போனவருக்கு வேறு வகை வந்தால் ஆபத்து அதிகம் என்பது மருத்துவர்கள் அறிந்ததுதான். அந்தக் கணக்குப்படி ஊரே ஆஸ்பத்திரியில் கிடந்திருக்க வேண்டும். ஆனால் டெங்கு முற்றினால் வரும் ரத்தக்கசிவுக் காய்ச்சல் அங்கே தலைகாட்டவில்லை. வந்திருந்தது இரண்டாம் வகையின் அமெரிக்கக் கிளை. கியூபாவிலும் இதே வரிசைதான்: 1977-ல் முதல் வகை, 1981-ல் இரண்டாம் வகை. ஆனால் அங்கே போனது ஆசியக் கிளை. 3,44,203 பேருக்கு நோய், 158 பேர் இறப்பு.

பிறகு இரண்டு கிளைகளையும் ஒப்பிட்டார்கள். வைரஸின் மேலுறைப் புரதத்தின் 390-ஆம் இடத்திலும், ஆர்என்ஏ இழையின் இரு முனைகளிலும் வித்தியாசம் இருந்தது. ஆசியக் கிளை மனித வெள்ளணுக்களுக்குள் நன்றாகப் பெருகியது. இதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. முதல் வகை வந்தபோது உடலில் உண்டான எதிர்ப்புப் பொருள், பின்னால் வந்த அமெரிக்கக் கிளையையும் ஓரளவு முடக்கியது. ஆசியக் கிளை அவ்வளவாக அடங்கவில்லை. அப்படியென்றால் வைரஸின் கிளையும் தெரிய வேண்டும், அந்த ஊருக்கு முன்பு எந்த வகை வந்து போனது என்பதும் தெரிய வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ‘வீரியம்’ என்று எழுதுவது குருட்டாம்போக்கு.

“ஏனுங்கக்கா, பையனுக்கு முன்னயே வந்து போச்சுங்களே, மறுக்காவும் எப்படிங்க வரும்?” என்று தறிக்குடோனிலிருந்து நேராக வந்த ஒரு தாய் கேட்டார். வரும், வேறு வகையாக இருந்தால் வரும். எங்கள் பரிசோதனைக் கார்டில், வைரஸின் புரதமான என்எஸ்1-க்கு உரிய கோடு விழுந்தால் டெங்கு என்று தெரியும். எந்த வகை என்று தெரியாது. காய்ச்சலின் ஆரம்ப நாட்களிலேயே, ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருளுக்கான கோடும் அழுத்தமாக விழுந்தால், இது இரண்டாவது முறையாக இருக்கலாம் என்று டாக்டருக்கு போன் போட்டுச் சொல்வேன். எங்களால் ஆவது அவ்வளவுதான். வகையைச் சொல்ல பிசிஆர் பரிசோதனை வேண்டும், கிளையைச் சொல்ல மரபணு வரிசையைப் படிக்க வேண்டும். (பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு பப்பாளி இலை தேடி ஓடுகிறவர்கள், காய்ச்சல் இறங்கும் நாளில் பிள்ளைக்கு வயிற்றுவலியோ விடாத வாந்தியோ இருக்கிறதா என்று பார்த்தால் நல்லது. ரத்தம் கெட்டியாவதைக் காட்டும் பிசிவி அளவு ஏறுகிறதா என்று டாக்டரிடம் கேட்கவும் வேண்டும்.)

அரசுக் கணக்கில் தமிழகத்துக்கு 2012-ல் 12,826 பேருக்கு டெங்கு, 66 இறப்பு. 2017-ல் 23,294 பேர், 65 இறப்பு. நோயாளிகள் ஏறத்தாழ இரட்டிப்பு, இறப்பு அப்படியே. சிகிச்சை தேறியதா, பரிசோதனை கூடியதா, வந்த வைரஸே வேறா? வகையும் கிளையும் தெரியாமல் இதற்கு என்ன பதில் சொல்வது? திருப்பூருக்கு ஒடிசா, பீகாரிலிருந்து தினமும் ரயிலில் ஆட்கள் வருகிறார்கள். நம் ஆட்களும் சரக்கோடு நாடெங்கும் போய்த் திரும்புகிறார்கள். எந்த ஊர்க் கிளையும் இங்கே வரலாம். குழாய்த் தண்ணீருக்கு நாள் கணக்கில் காத்திருந்து டிரம்மில் பிடித்து வைக்கும் வீடுகளில் கொசுவுக்குப் பஞ்சமில்லை.

கொரோனா காலத்தில், 2021-ல், சென்னையில் மாநிலப் பொது சுகாதார ஆய்வகத்தில் மரபணு வரிசை ஆய்வுக்கூடம் திறந்தார்கள். டெல்டா, ஒமிக்ரான் என்று டீக்கடையில்கூடப் பேசினோம். டெங்குவுக்கும் அப்படிப் பேசினால் என்ன? என்எஸ்1 பாசிட்டிவ் ரத்தத்தில் ஒரு சிறு பங்கை மாவட்டந்தோறும் எடுத்து, வகையையும் கிளையையும் பார்த்து, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை வெளியிடட்டும். புதிய வகை தலையெடுத்தால் குழந்தை மருத்துவர்கள் முன்கூட்டியே உஷாராகலாம். அதிகாரிகள் பேட்டி கொடுக்கும்போது எண்ணிக்கையோடு இதையும் தங்கள் நிருபர்கள் கேட்க வேண்டும்.

எங்களைப் போன்ற சின்ன லேப்களில் மிஞ்சும் சீரத்தை (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை), நோயாளியின் சம்மதத்தோடு தரலாம். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே அனுப்பினால்தான் ஆர்என்ஏ கெடாது. அதற்கு ஒரு வண்டியும் ஆளும் ஏற்பாடு செய்தால், என் பங்குக்கு நான் தயார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
லேப் டெக்னீஷியன், பல்லடம்