குழாய்க்கு வெளியே வந்த பிறகும் ரகசியமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் கண்மாய்க்கு மேற்கே ஒரு தொழிற்சாலை. போன மழைக்குப் பிறகு வரத்துக்கால் ஓரமெல்லாம் மண் துரு நிறத்தில் படிந்து கிடக்கிறது, மாட்டை இறக்கினால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. சரி, அவர்கள் வெளியே விடும் தண்ணீரின் பரிசோதனை அறிக்கையையாவது பார்ப்போம் என்று பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனுப் போட்டேன். ஒரு மாதம் கழித்து நாலே வரியில் பதில்: பிரிவு 8(1)(டி), வணிக ரகசியம், தர இயலாது.

தொழில் ரகசியமே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆத்தங்குடித் தரைக்கல் செய்கிறவர் வர்ணக் கலவையைப் பக்கத்துப் பட்டறைக்காரருக்குச் சொல்வாரா? சொல்லவும் வேண்டாம், அது அவர் பிழைப்பு. ஆனால் கல்லை ஊறப்போட்ட தொட்டித் தண்ணீரை என் கிணற்றடியில் திறந்துவிட்டால் அதில் என்ன இருக்கிறது என்று கேட்பேனா மாட்டேனா? நான் கேட்டதும் அவ்வளவுதான். உள்ளே எதை எதோடு கலக்கிறார்கள் என்று நான் கேட்கவே இல்லை.

அந்த 8(1)(டி)யை முழுசாகப் படித்தால், பொதுநலன் பெரிது என்று அதிகாரி கருதினால் தரலாம் என்று அதிலேயே இருக்கிறது. பிரிவு 10, மறைக்க வேண்டியதைப் பிரித்துவிட்டு மற்றதைக் கொடுக்கச் சொல்கிறது. அதற்கெல்லாம் முந்தைய 1974 நீர்ச் சட்டமே, கழிவுநீர் விட என்ன நிபந்தனையில் இசைவாணை (அனுமதி) கொடுத்தார்கள் என்று வாரியம் பதிவேடு வைக்க வேண்டும், பாதிக்கப்படுகிறவர் வந்தால் பார்க்கவிட வேண்டும் என்கிறது. (நேரில் போய்க் கேட்டேன். அப்படியொரு பதிவேடா என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.)

1984-இல் போபாலில் என்ன விஷவாயு, என்ன மருந்து என்று டாக்டர்களுக்கே தெரியாமல் திண்டாடினார்கள். அதற்கப்புறம்தான் 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் 41பி என்ற பிரிவு வந்தது: அபாயகரமான வேலை நடக்கிற ஆலை, அந்த ஆபத்து என்ன என்பதைத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, சுற்றுப்புறத்து மக்களுக்கும் சொல்ல வேண்டும் என்றது அது.

மேல்முறையீடு அனுப்பிவிட்டேன். ரகசியம் என்று நீங்கள் நினைக்கிற வரிகளைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள் என்று இந்தத் தடவை ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசனக்காரர் ஒருவர்,
சிவகங்கை மாவட்டம்