எந்த பில் என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணையத்தில் பொருள் விற்பவர்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையில், 'பில் காட்ட முடியாத புதுப் பொருளைத் திருட்டுப் பொருள் என்றே கருத வேண்டும்' என்று ஒரு வரி. இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறேன். ஒரு நாளும் பில் தந்ததில்லை. பரணில் இருக்கும் பழைய இதழ்களை என்ன செய்யட்டும்?

மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரி ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே இணையத்தில் விற்கலாம் என்று 2023 அக்டோபரில் வழி திறந்தார்கள். அதை நம்பி நானும் என் மனைவியும் வில்லாபுரத்தில் வீட்டிலிருந்தபடியே பிளாஸ்க், டிபன் கேரியர் விற்கத் தொடங்கினோம். பங்குனியில் கோவைக்காரர் ஒருவர், மூடியின் நிறம் படத்தில் உள்ளதுபோல் இல்லை, போலிப் பொருளாக இருக்குமோ என்று எழுதிவிட்டார். மறுநாள் அந்த விற்பனைத் தளம் எங்கள் கணக்கை முடக்கியது. 180 நாளுக்குள் வாங்கிய பில் வேண்டும், விற்றவர் முகவரி, வாங்கியவர் பெயர், எண்ணிக்கை எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றார்கள். சீல் பிரிக்காத பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினேன். பெட்டி ஆதாரம் ஆகாதாம். அதுவும் சரிதான், பெட்டியை யாரும் அச்சடிக்கலாம்.

பீரோவைத் திறந்தேன். பில் இருந்தது, பத்திரமாகப் பிளாஸ்டிக் உறைக்குள். எழுத்துதான் இல்லை. அந்த வழுவழுப்புத் தாளுக்கு மதுரை வெயிலும் ஆகாது, பிளாஸ்டிக் உறையும் ஆகாது என்று பிறகுதான் ஒருவர் சொன்னார். பின்பக்கம் கடைப் பையன் பேனாவால் எழுதிய '24 பீஸ்' மட்டும் பளிச்சென்று நின்றது.

நகல் கேட்டுக் கடைக்குப் போனேன். "அது பழைய கம்ப்யூட்டர் அண்ணே, மாற்றியாயிற்று" என்று பதில் வந்தது. ஜிஎஸ்டி பதிவு பெற்ற வியாபாரி, ஆண்டு வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தங்களுக்குத் தெரியாததா? ஆனால் கட்டுரையில் திருடன் நான்.

அதுவாவது பில். மொத்தக் கடைகள் பலவற்றில் தருவது 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டு. மேலே பிள்ளையார் சுழி இருக்கும், கடைப் பெயர் இருக்காது. முறையான பில் கேட்டால், "வரி தனியாக வரும், பரவாயில்லையா?" என்பார்கள். நாலு பேர் முன்னால் நாம்தான் அற்பர்போல நிற்க வேண்டும். இதைப் பற்றி 2019-லேயே எழுதினேன். தாங்கள் வெளியிடவில்லை. அந்த வாரம் ஒரு நடிகர் வீட்டுக் கல்யாணம் முழுப் பக்கம் வந்திருந்தது, இடம் இருந்திருக்காது.

இன்னொன்று. என் மாமியார், முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கும் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டவர். புள்ளி புள்ளியாகத் துணியை நகத்தால் கிள்ளி நூல் சுற்றுவார். முடிச்சு அவிழ்த்த புதுச் சேலையைத் தடவினால் துணி சற்றே எழும்பி நிற்பது விரலுக்குத் தெரியும். மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று அந்தப் பெயரை இணையத்தில் தேடினால் புள்ளி அச்சடித்த சேலைகள் வரிசையாக வருகின்றன. யார் முடிச்சுப் போட்டது, எந்த ஊர்ச் சாயம் என்று அதை விற்பவர்களை ஒருவரும் கேட்பதில்லை. கேள்வியெல்லாம் பிளாஸ்க் விற்கிறவனுக்கு.

முடங்கிய கணக்கில் 18,400 ரூபாய் நிற்கிறது. அதைத் தாங்கள் வாங்கித் தர வேண்டாம். ஒரு பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அடுத்த ஞாயிறு ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். வாங்கிய அன்றே செல்போனில் படம் எடுத்து வைக்கவும் என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன், மொத்தக் கடையில் காட்ட உதவும்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
வில்லாபுரம், மதுரை.