ப்ளீச்சிங் பவுடர் போட்டாச்சு, பி.எச் பார்த்தாச்சா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் வந்தால் 1,000 லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் ப்ளீச்சிங் பவுடர் என்ற அறிவுரை தவறாமல் வருகிறது. அளவு சரிதான். தண்ணீரின் பி.எச் (அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்) பற்றித்தான் பெரும்பாலும் பேச்சே இருப்பதில்லை.

பவுடர் கரைந்ததும் குளோரின் இரண்டு வடிவங்களில் நிற்கிறது. ஹைப்போகுளோரஸ் அமிலம் கிருமியைச் சட்டென்று கொல்லும். ஹைப்போகுளோரைட் அயனி மகா மந்தம். எது எவ்வளவு என்பது பி.எச் கையில் இருக்கிறது. பி.எச் 7 என்றால் முக்கால் பங்கு அமிலம். 7.5-இல் ஏறக்குறைய பாதி, 8-இல் கால் பங்கு, 8.5-இல் பத்தில் ஒரு பங்குதான். குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐ.எஸ். 10500) 6.5 முதல் 8.5 வரை அனுமதிக்கிறது. குடிக்கத் தகுந்த தண்ணீரிலேயே குளோரின் படுத்துவிடும் என்று அர்த்தம்.

தண்ணீரில் மிச்சமுள்ள குளோரினை நிறத்தால் அளக்கும் குளோரோஸ்கோப்பும் இதைக் காட்டிக்கொடுக்காது. ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டதும் மஞ்சள் தெரிகிறது, 0.2 பி.பி.எம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) என்று நோட்டில் ஏறிவிடுகிறது. அந்த மஞ்சள் இரண்டு வடிவத்துக்கும் சேர்த்து வருவது.

புதிதாகச் சிமென்ட் பூசிய தொட்டியும் சம்ப்பும் இன்னும் மோசம். பூச்சிலிருந்து சுண்ணாம்பு இறங்கி பி.எச் 9-ஐயும் தாண்டும். நிரப்பி, ஓரிரு நாள் விட்டு, வடித்து, மறுபடி நிரப்பி, பி.எச் இறங்கியதைப் பார்த்த பிறகே குளோரின் பக்கம் போக வேண்டும்.

பி.எச்-ஐக் குளோரின் போடுவதற்கு முன்பே பாருங்கள். குளோரின் அதிகம் இருந்தால் பி.எச் பார்க்கும் ஃபீனால் ரெட் சொட்டு மருந்தின் நிறம் மாறிப் பொய் சொல்லும். 1 முதல் 14 வரை காட்டும் தாள் இதற்கு உதவாது, 7.5-க்கும் 8-க்கும் அதில் வித்தியாசம் தெரியாது. பேனா மீட்டர் என்றால் பி.எச் 7, 9.2 என்று முன்பே தெரிந்த பஃபர் கரைசல்களில் வைத்துச் சரிசெய்த பிறகே அதன் எண்ணை நம்பலாம். முனையைக் காயவும் விடக்கூடாது.

பவுடரை அப்படியே தொட்டியில் தூவுகிறார்கள். அது அடியில் கட்டியாகத் தங்கிவிடும். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும்வரை பத்து நிமிடம் விட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். பி.எச் 8-க்குள் இருந்தால் அரை மணி நேரம் காத்திருந்தால் போதும். மேலே இருந்தால் இரவே போட்டுக் காலையில் திறப்பது நல்லது, அப்போதும் 0.5 பி.பி.எம் மிச்சம் நிற்க வேண்டும். கணக்கெல்லாம் 33 சதவீதக் குளோரின் உள்ள புதுப் பவுடருக்கு. மூட்டையைத் திறந்தே போட்டு வைத்திருந்தால் அது 20 சதவீதத்துக்குக் கீழேகூட இறங்கியிருக்கலாம், அப்போது 2.5 கிராம் பற்றாது.

பி.எச்-ஐக் குறைக்கிறேன் என்று ப்ளீச்சிங் கரைசலில் ஆசிட்டையோ கழிப்பறை கழுவும் திரவத்தையோ யாரும் ஊற்றிவிடக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய இடத்தில் உயிருக்கே ஆபத்து.

மேல்நிலைத் தொட்டிச் சுவரில் சுத்தம் செய்த தேதியை எழுதுகிறார்கள். அதன் பக்கத்திலேயே அன்றைய பி.எச்-ஐயும் எழுதச் சொல்லி உள்ளாட்சி நிர்வாகங்கள் உத்தரவிடலாம்.

இப்படிக்கு,
நீர்ப் பரிசோதனைப் பணியில் உள்ள வாசகர்கள்