சதுரங்கப் பலகையில் ஒரு வாத்து

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. தடி இல்லாமல் கடைத்தெரு வரை நடக்கிறாய் என்ற வரியை வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். முட்டி சரியாகிவிட்டது என்று மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதே.

இன்னும் சதுரங்கம் ஆடுகிறாயா என்று கேட்டிருந்தாய். நடுவில் இரண்டு வருடம் பலகை பரண்மேல்தான் கிடந்தது. பேரன் கணினியில் பயின்று முதல் பன்னிரண்டு நகர்த்தல்களை ஒப்பிக்கிற மாதிரி ஆடுவான். தோற்பதில் எனக்கு வருத்தமில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஆடுகிறானே என்பதுதான் வருத்தம்.

இந்தக் கோடை விடுமுறையில் அவனே பலகையை இறக்கித் தூசி தட்டினான். தங்கையின் குளியல் வாளியிலிருந்து மஞ்சள் ரப்பர் வாத்தை எடுத்துத் துடைத்துப் பக்கத்தில் வைத்து, "தாத்தா, இன்றைக்கு இதுவும் ஆடும்" என்றான். வாத்துச் சதுரங்கமாம். 2016இல் டிம் பால்டன் என்பவர் உருவாக்கியது. 2022இல் செஸ்.காம் தளம் சேர்த்துக்கொண்டபின் கிராண்ட்மாஸ்டர்கள்கூட விரும்பி ஆடத் தொடங்கியிருக்கிறார்கள்.

விதி எளிது. உன் காயை நகர்த்தியதும் வாத்தை எடுத்து ஏதாவது ஒரு காலிக் கட்டத்தில் வைக்க வேண்டும். அது இருக்கும் கட்டத்துக்கு யாரும் போக முடியாது, அதை வெட்டவும் முடியாது. குதிரை மட்டும் தாண்டிப் போகும். ஒவ்வொரு முறையும் வாத்து இடம் மாறியே தீர வேண்டும். செக் கிடையாது, செக்மேட் கிடையாது; ராஜாவையே வெட்டினால்தான் வெற்றி. நகர்த்த வழியில்லாமல் முடங்கிப்போனவருக்கு இதில் தோல்வியும் இல்லை, சமனும் இல்லை, வெற்றி! விடுதியில் அப்படி முடங்கிய ஓர் ஆட்டத்துக்காக இரண்டு நாள் பேசாமல் இருந்தோமே, அப்போது இந்த விதி தெரிந்திருக்கக் கூடாதா?

முதலில் குழந்தை விளையாட்டு என்றுதான் நினைத்தேன். நான்காவது ஆட்டத்தில் கண் திறந்தது. பேரனுடைய ராஜா மூலைக் கட்டத்தில். அதை ஒட்டி இரண்டு சிப்பாய்கள். கடைசி வரிசையில் என் யானை இறங்கியது. யானைக்கும் ராஜாவுக்கும் நடுவே ஒரே ஒரு கட்டம் காலி. அங்கே அவன் வாத்தை வைத்து மறித்துவிடுவான் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சட்டென்று ஒன்று தோன்றியது. அந்தக் கட்டத்தில் நானே வாத்தை வைத்துவிட்டேன். அவன் ராஜாவும் அங்கே ஒதுங்க முடியாது, வேறு காயையும் குறுக்கே கொண்டுவர முடியாது. அவன் முறை முடியும்போது வாத்து அங்கிருந்து கிளம்பியே ஆக வேண்டும். வழியை அவன் கையாலேயே திறக்க வேண்டியதாயிற்று! பையன் வாத்தைக் கையில் பிடித்தபடி பலகையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக "எப்படித் தாத்தா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்காக அந்த ரப்பர் வாத்தைப் பொன்னாலேயே செய்து வைக்கலாம்.

இந்த ஆட்டத்தில் மனப்பாடத்துக்கு இடம் குறைவு. வாத்து நகர நகரப் பலகையே வேறாகிவிடுகிறது. அதனால் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே ஆடுகிறோம். மருமகள் காபி கொண்டுவரும்போது "வாத்து இப்போது யார் பக்கம்?" என்று கேட்கிறாள்.

நாம் ஆடிய தோற்கும் சதுரங்கம் நினைவிருக்கிறதா? வெட்டக் கிடைத்தால் வெட்டியே ஆக வேண்டும், எல்லாக் காய்களையும் முதலில் இழப்பவருக்கே வெற்றி. அதில் ராஜாவின் சிப்பாயை, அதாவது ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை, ஒரு கட்டம் முன்னே தள்ளித் தொடங்கினால் வெள்ளைக்கு வெற்றி நிச்சயம் என்று அதே 2016இல் மார்க் வாட்கின்ஸ் என்பவர் கணினி கொண்டு நிரூபித்துவிட்டார். பெரிய சாதனைதான். ஆனாலும் நம் பழைய திண்ணையை யாரோ அளந்து பட்டா போட்டுவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

நீ இங்கே வரும்வரை காத்திருக்க வேண்டாம், தபாலிலேயே ஆடுவோம். வெள்ளை எனக்கு. ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்திவிட்டேன். வாத்து உன் ராஜாவின் சிப்பாய்க்கு நேர் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த கடிதத்தில் உன் காயையும் வாத்தின் புதுக் கட்டத்தையும் எழுது.

உன் அன்பு நண்பன்