ரேகை விழாதவருக்கு ஒரு பதிவேடு

ஆசிரியருக்கு வணக்கம்.

"ரேகை விழலீங்க, நாளைக்கு வாங்க." ரேஷன் கடையில் இந்தப் பதிலோடு திரும்புகிறவர்களின் கையைப் பாருங்கள். சாயப்பட்டறையில் காஸ்டிக்கிலும் பிளீச்சிங்கிலும் ஊறிய திருப்பூர்க் கை, மஞ்சள் வேகவைத்த ஈரோட்டுக் கை, நார் உரித்த பொள்ளாச்சிக் கை. உழைப்பில் ரேகை தேய்கிறது. வயதானால் தோலும் வறண்டுவிடும். கைரேகை மிஷின் ஆதாரோடு 'பொருந்தவில்லை' என்று மட்டுமே காட்டுகிறது. ஆளே பொய் என்பதுபோல் விரட்டுவது நாம்தான்.

கார்டில் நாலு பேர் இருந்தால் இன்னொருவர் ரேகை வைத்துவிடலாம். மாட்டிக்கொள்வது தனிக் கார்டு ஆத்தாக்கள். ரேகைக்குப் பதில் ஓடிபி என்றால், அது போகும் செல் எண் மில்லில் ஷிப்டுக்குப் போன மகனிடம் இருக்கும். கருவிழி ஸ்கேனர் நல்ல மாற்று, ஆனால் கண்புரையும் வாசலில் அடிக்கும் எதிர்வெயிலும் அதையும் கெடுக்கும்.

ரேகை மிஷினின் கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைத்து, கையைக் கழுவித் துடைக்கச் சொல்லி, பத்து விரலையும் வைத்துப் பார்த்தாலே பலருக்கு விழும். நடப்பதோ, ஒரே கட்டைவிரலைத் திரும்பத் திரும்ப அழுத்துவது. அழுத்த அழுத்த ரேகை நசுங்கிப் பதிவு இன்னும் மோசமாகும்.

அதுவும் பலிக்காவிட்டால்? ஜார்க்கண்டில் ரேஷன் கார்டு ரத்தான குடும்பத்துச் சிறுமி பட்டினியால் இறந்ததாகச் செய்தி வந்து நாடே அதிர்ந்த நேரத்தில், 2017 அக்டோபர் 24 அன்று மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்குத் தெளிவாக எழுதியது: ரேகை சரியில்லை, நெட்வொர்க் இல்லை என்று பொருளை மறுக்காதீர்கள், ஆதாரையும் ரேஷன் கார்டையும் பார்த்துக் கொடுத்துவிட்டுத் தனிப் பதிவேட்டில் எழுதுங்கள்.

அந்தப் பதிவேடு எத்தனை கடை மேசையில் இருக்கிறது? விற்பனையாளரைக் கல்நெஞ்சர் என்று திட்டிப் பயனில்லை. இருப்பில் குறைந்தால் அவர் தலையில்தான் விழும்; மிஷின் சொன்னபடி நடந்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அவருடைய சுபாவத்தை நம்பியா ஒரு கிழவியின் அரிசி இருப்பது?

தேதி, கார்டு எண், விழாத காரணம், கொடுத்த பொருள், வாங்கியவர் கையொப்பம். இவ்வளவு பத்தி போதும். வட்ட வழங்கல் அலுவலர் மாதம் ஒருமுறை சரிபார்த்து, அந்த அளவை இருப்பில் கழித்துக் கொடுக்க வேண்டும். ஒரே கார்டு மூன்று மாதம் தொடர்ந்து வந்தால் கார்டுக்காரர் வீட்டுக்கே ஆள் அனுப்பி, அவருக்காகப் பொருள் வாங்கும் பதிலாள் பெயரைப் பதிந்துவிடலாம். மாதக் கடைசியில் ரேகை விழாமல் திரும்பினவருக்கு அந்த மாத அரிசி போனதுதான் என்பதால், 25ஆம் தேதிக்குள் ஒருமுறை பதிவேட்டைப் புரட்டுவது நல்லது.

வாசகர்,
பெருந்துறை