ஓடுதளத்துக்கும் ஊர்ச்சாலைக்கும் ஒரே டயர்

பாளையங்கோட்டை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு மறுநாள் கைக்கு வந்தது. பெங்களூரு வேலையை விட்டுவிட்டுத் தென்காசிக்கே திரும்பிவிட்டாய் என்பதையும், வந்த கையோடு என்னிடம் இருப்பது போலவே ஒரு ஃபோக்ஸ்வேகன் போலோ கார் வாங்கிவிட்டாய் என்பதையும் படித்து மிகவும் மகிழ்ந்தேன். தை மாதம் கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி கார்ப் பந்தய ஓடுதளத்துக்கு இருவரும் சேர்ந்தே போவோம். அதற்கு 17 அங்குல ரிம்மும் செமி ஸ்லிக் டயரும் (பந்தய டயருக்கு நெருக்கமான, பள்ளம் குறைந்த வகை) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் பதில். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் செமி ஸ்லிக்தான் போட்டேன். ஓடுதளத்தில் இரண்டு சுற்று ஓடிச் சூடேறியதும் அது தார்மீது ஒட்டிக்கொண்ட விதத்தை இன்றும் மறக்க முடியவில்லை. ஆனால் அவ்வாண்டு ஐப்பசியில் ஒரு மாலை, தென்காசியிலிருந்து திரும்பும் வழியில் ஆலங்குளம் தாண்டி மழை பிடித்துக்கொண்டது. டயரின் பட்டன், அதாவது தரையைத் தொடும் பள்ளம் வெட்டிய ரப்பர், பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. சாலையின் இடப்பக்கம் தேங்கியிருந்த நீருக்குள் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கியதும், கையிலிருந்த ஸ்டியரிங் பஞ்சுபோல் இலேசாகிவிட்டது. நான் திருப்புகிறேன், வண்டி திரும்பவில்லை. இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுகிறது. பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்தேன். டயர் மறுபடி தரையைத் தொட்டபோது வண்டி ஒரு உலுக்கு உலுக்கி நேரானது. பின்னிருக்கையில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வகை டயரில் பள்ளங்கள் குறைவு. தார்மீது படியும் ரப்பரின் பரப்பு கூடுதலாக இருக்கவேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். சக்கரத்தின் முன்னால் சேரும் நீர் வெளியேறப் பள்ளம் போதாதபோது, நீர் டயரைத் தூக்கி மிதக்கவிட்டுவிடுகிறது. அதோடு அதன் ரப்பர் கலவை சூட்டில் வேலை செய்வதற்கென்று செய்யப்பட்டது. மழையில் குளிர்ந்த நிலையில் அந்தப் பிடி வருவதில்லை. நம்மூரிலிருந்து செட்டிப்பாளையம் போய்வர ஏறத்தாழ 700 கிலோமீட்டர். அங்கே சுற்று ஒன்றுக்கு 2 கிலோமீட்டரை ஒட்டி, நாள் முழுதும் முப்பது சுற்று ஓடினாலும் 60 கிலோமீட்டரைச் சிறிதே தாண்டும். வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோக நமக்கு வசதியில்லை. ஆகவே அந்த 60 கிலோமீட்டருக்காக 700 கிலோமீட்டரைப் பணயம் வைக்கக்கூடாது என்று முடிவுக்கு வந்தேன்.

இப்போது நான் போட்டிருப்பது சாலைக்கென்றே செய்த உயர்வகை ஸ்போர்ட்ஸ் டயர். மிச்செலினின் பைலட் ஸ்போர்ட், பிரிட்ஜ்ஸ்டோனின் பொடென்ஸா போன்ற வரிசைகளில் உன் அளவுக்கு எது கிடைக்கிறதோ அதைப் பார். இவற்றின் பட்டனில் சிலிக்கா சேர்ப்பதால் ஈரத்தில் பிடி நன்றாக இருக்கும். ஓடுதளத்தில் செமி ஸ்லிக்கை விடச் சில விநாடிகள் பின்தங்குவாய் என்பது உண்மைதான், ஆனால் பிடி விடப்போகிறது என்பதை இந்த டயர் கீச்சென்ற ஒலியோடு முன்கூட்டியே சொல்லிவிடும். பழகுகிறவனுக்கு அந்தச் சொல்தான் பெரிய உதவி. வெளிநாட்டு டயர்களின் பக்கச்சுவரில் ட்ரெட்வேர் என்று, தேய்மானத்தைக் குறிக்கும் ஓர் எண் இருக்கும். 200 என்றால் மென்மையானது, விரைவில் தேயும். 300-க்கு மேல் சற்று நீடிக்கும். அந்த எண்ணைத் தயாரிப்பாளரே இட்டுக்கொள்வதால், ஒரே நிறுவனத்தின் இரு டயர்களை ஒப்பிடத்தான் அது பயன்படும்.

இனி ரிம் விஷயம். 195/55 ஆர்16 என்ற டயர் அளவில் ரிம் 16 அங்குலம், டயரின் அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 107 மில்லிமீட்டர். 205/45 ஆர்17 போட்டால் அது 92 ஆகிவிடும். ஸ்டியரிங் கூர்மையாகும், பார்க்கவும் அழகாயிருக்கும். ஆனால் வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடைகளும், மழைக்குப் பிறகு வாய்பிளந்து நிற்கும் குழிகளும் உள்ள நம் பக்கத்துச் சாலைகளில், அந்த 15 மில்லிமீட்டர்தான் ரிம் வளையாமல் காக்கிறது. கம்பெனி கொடுத்த 16 அங்குலத்திலேயே இரு.

காற்றைப் பற்றி நீ கேட்கவில்லை. ஆனால் டயரின் பெயரைவிட அதுவே முக்கியம் என்று அனுபவத்தில் கண்டேன். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் காற்றழுத்தம் ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. (டயர்க் காற்றை அளக்கும் அலகு) கூடும். சென்ற முறை காலையில் 33 வைத்து இறங்கினேன். ஐந்து சுற்று முடித்து வந்து அளந்தால் 40 காட்டியது, வண்டியும் வளைவில் வழுக்கத் தொடங்கியிருந்தது. சூட்டிலேயே 36-க்கு இறக்கியதும் மறுபடி பிடித்தது. டயரின் தோளில், அதாவது பட்டனும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பில், சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டு ஓட்டு. பக்கச்சுவரில் உள்ள சிறு முக்கோணக் குறியையும் தாண்டிக் கோடு அழிந்திருந்தால் காற்று குறைவு, பட்டன் விளிம்பைக்கூட எட்டாமல் நின்றிருந்தால் அதிகம். மாலையில் புறப்படும்முன் டயர் ஆறியபின் மறக்காமல் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றிவிடவேண்டும். இறக்கிய காற்றோடு நான்குவழிச் சாலையில் வேகமாக வருவது ஆபத்து. சுற்று முடித்து நின்றதும் பிரேக் சூடாக இருக்கும், ஹேண்ட்பிரேக் போடாதே, கியரில் நிறுத்து.

திருநெல்வேலியில் நான் வழக்கமாகப் போகும் கடையில் பேலன்சிங்கும் (சக்கர எடைச் சமன்) அலைன்மென்ட்டும் (சக்கரக் கோணச் சீரமைப்பு) பொறுமையாகச் செய்வார்கள். வாங்கும்போது பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் குறியின் கடைசி நான்கு எண்களைப் பார். 1825 என்றால் 2025-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரத்தில் செய்தது. நெடுநாள் கிடங்கில் கிடந்ததைத் தள்ளுபடிக்குத் தருகிறேன் என்றாலும் வாங்காதே. புது டயரை ஓரிரு நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிய பிறகே ஓடுதளத்தில் இறக்கவேண்டும் என்பதால், மார்கழி பாதிக்குள் மாற்றிவிடுவது நல்லது. ஒரு ஞாயிறு காலை வண்டியோடு இங்கே வந்துவிடு, கடைக்குச் சேர்ந்தே போவோம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் அழைத்து வா. மதியச் சாப்பாடு நம் வீட்டில்.

அன்புடன்,
உன் நண்பன்