ரிப்கன் உட்கார்ந்த நாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மூச்சுக்கு மூச்சு இருமினாய். காய்ச்சல் 102, மாத்திரை போட்டுக்கொண்டு நைட் டியூட்டிக்குக் கிளம்புகிறேன் என்றாய். "ஒரு நாள் லீவு போடேன்டி" என்று அம்மா கெஞ்சினாள். "நான் நம்ம வீட்டு ரிப்கன்மா, எனக்கு ஏது லீவு" என்று சிரித்தாய். அம்மாவும் சிரித்தாள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆறு வயதில் உனக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தவன் நான்தான். பேஸ்பால் ஆட்டக்காரர் கால் ரிப்கனைப் பற்றி உனக்கு நான் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் பாதிதான் சொன்னேன். மீதியை இப்போது சொல்கிறேன், பொறுமையாகப் படி.

1993இல் நாம் பால்டிமோர் வந்து இறங்கியபோது உனக்கு நாலு வயது. எனக்குக் கிரிக்கெட்டைத் தவிர வேறு ஆட்டம் தெரியாது. ஆய்வகத்தில் கூட வேலை பார்த்தவர்கள் காலையில் காபி ஊற்றும்போதே உள்ளூர் பேஸ்பால் அணியான ஓரியோல்ஸின் முந்தின நாள் ஆட்டத்தைத்தான் பேசுவார்கள். நான் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அவர்களில் வயதில் மூத்த ஒருவர்தான் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, காகிதத்தில் கட்டம் போட்டு, ஷார்ட்ஸ்டாப் என்றால் என்னவென்று விளக்கினார். பேஸ் என்றால் அடித்தவன் ஓடித் தொட வேண்டிய இடம். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்கிற ஆள்தான் ஷார்ட்ஸ்டாப். வலக்கைக்காரர்கள் இழுத்து அடிக்கிற பந்தெல்லாம் அந்தப் பக்கம்தான் வரும். அடித்தவன் முதல் பேஸுக்கு ஓடிச் சேர நாலு நொடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதற்குள் குனிந்து பந்தை எடுத்து, நிமிர்ந்து, மைதானத்தின் குறுக்கே எறிந்தாக வேண்டும். 

அந்த இடத்தில் பெரும்பாலும் சின்ன உருவமும் துள்ளுகிற காலும் உள்ளவர்களைத்தான் நிறுத்துவார்களாம். ரிப்கனின் உயரம் 6 அடி 4 அங்குலம். 1982 ஜூலை 1 அன்று மேனேஜர் ஏர்ல் வீவர் அவரை மூன்றாவது பேஸிலிருந்து ஷார்ட்ஸ்டாப்புக்கு மாற்றினார். இவ்வளவு பெரிய ஆளால் அங்கே ஈடுகொடுக்க முடியுமா என்று கேட்டவர்கள் உண்டு. அவரிடம் ஓட்டம் குறைவுதான். ஆனால் எந்த ஆட்டக்காரன் எந்தப் பந்தை எங்கே அடிப்பான் என்று மனதில் கணக்கு வைத்திருப்பார். நம் பிட்சர் என்ன பந்து போடப்போகிறார் என்ற சைகையைப் பார்த்து, அதற்கேற்ப இரண்டடி இந்தப் பக்கம், ஓரடி அந்தப் பக்கம் நகர்ந்து நிற்பார். பந்து வரும்போது அவர் ஏற்கெனவே அங்கே இருப்பார். பாய்ந்து விழுந்து பிடிக்கிற வேடிக்கையெல்லாம் அவரிடம் அதிகம் கிடையாது. 1990ஆம் வருடம் முழுக்க ஷார்ட்ஸ்டாப்பில் அவர் செய்த எரர் வெறும் 3. நடுவில் தொடர்ந்து 95 ஆட்டங்கள் ஒரு தப்பும் இல்லை. ரிப்கன் என்றதும் எல்லாரும் சொல்வது அவர் லீவு போடாததைத்தான். எனக்கு என்னவோ இந்த 3 என்ற எண்தான் பெரிதாகத் தெரிகிறது.

அவர் வெளியூரிலிருந்து வந்தவரும் இல்லை. நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், ஆபர்டீன், அங்கே வளர்ந்தவர். அவருடைய அப்பா, பெரிய கால் ரிப்கன், ஓரியோல்ஸ் அமைப்பிலேயே ஆட்டக்காரராக, கீழ்மட்ட லீக் அணிகளின் மேனேஜராக, கோச்சாக 36 வருடம் இருந்தவர். வருடத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். சனிக்கிழமை காலையில் அவர் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போகும்போது மகனும் காரில் ஏறிக்கொள்வானாம். ஆட்டம் கற்றுக்கொள்வதற்காக மட்டும் இல்லை. காரில் அப்பாவோடு தனியாக இருக்கலாமே என்று. இதைப் படித்தபோது, நீ என்னோடு ஆய்வகத்துக்கு வருகிறேன் என்று அடம்பிடித்த சனிக்கிழமைகள் ஞாபகம் வந்தன. நான் உன்னை அழைத்துப் போனது இரண்டு முறையோ மூன்று முறையோதான்.

ஒரு ஆட்டமும் விடாமல் அவர் ஆடிய அந்தத் தொடர் 1982 மே 30 அன்று தொடங்கியது. அந்த வசந்தத்தில் அவரால் பந்தைச் சரியாக அடிக்கவே முடியவில்லை, திரும்பக் கீழ்மட்ட அணிக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற நிலை. அந்த வருடமே சிறந்த புதுமுகம் ஆனார். அடுத்த வருடம் 1983இல் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். பிலடெல்பியாவோடு நடந்த உலகத் தொடரின் (சாம்பியன் யார் என்று முடிவாகிற தொடர்) கடைசி அவுட்டும் அவர் கைக்குள்தான் வந்து விழுந்தது. 1991இல் மறுபடியும் அதே விருது: 34 ஹோம் ரன் (நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி), அடிக்கிற சராசரி .323. அணி மட்டும் அந்த வருடம் 95 ஆட்டம் தோற்றது. தோற்கிற அணிக்கும் தினம் வந்து நின்றார் பார், அதுதான் இந்த ஊர்க்காரர்கள் மனதில் ஆழமாகப் பதிந்தது. அவரால் சரியாக அடிக்க முடியாத காலங்களில், ஓய்வெடுக்காததால்தான் இப்படி என்று எழுதவும் ஆட்கள் இருந்தார்கள்.

நாம் வந்த வருடமே ஜூனில் சியாட்டல் மரினர்ஸோடு மைதானத்தில் கைகலப்பு. அதில் அவருடைய வலது முழங்கால் மடங்கிப்போனது. மறுநாள் காலையில் எழுந்து நிற்கவே கஷ்டப்பட்டார். சாயங்காலம் ஆடினார். இந்தக் கதையை உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! பள்ளிக்கூடம் போக நீ சிணுங்கும்போதெல்லாம் அந்த முழங்காலைத்தான் இழுப்பேன்.

1995 செப்டம்பர் 6, புதன்கிழமை உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். யாங்கீஸ் அணியின் பழைய ஆட்டக்காரர் லூ கெரிக் 1939இல் வைத்துவிட்டுப் போன, தொடர்ந்து 2,130 ஆட்டங்கள் என்ற சாதனையைத் தாண்டுகிற நாள். டிக்கெட் கிடைக்காமல் டிவி முன்னால் உட்கார்ந்தோம். நாலாவது இன்னிங்ஸில் ஒரு ஹோம் ரன் அடித்தார். ஐந்தாவதில் பாதி முடிந்து ஆட்டம் கணக்கில் சேர்ந்ததும், மைதானத்தை ஒட்டிய செங்கல் கிடங்கின் சுவரில் தொங்கிய கடைசித் துணி மாறி 2,131 என்று விழுந்தது. 22 நிமிடம் ஆட்டம் நின்றது. அவர் வெளியே வருவதும், கையசைப்பதும், உள்ளே போவதுமாக இருந்தார். கைதட்டல் ஓயவே இல்லை. அணித் தோழர்கள் பால்மெய்ரோவும் போனியாவும் அவரைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டார்கள். மைதானத்தைச் சுற்றி நடந்து, வேலியோரம் நின்றவர்களின் கையையெல்லாம் தொட்டுக்கொண்டே போனார். முந்தின வருடம் வேலைநிறுத்தத்தில் உலகத் தொடரே நின்றுபோய், ஜனங்கள் இந்த ஆட்டத்தின் மேலேயே கோபமாக இருந்த நேரம் அது. மேல்மாடத்தில் நின்றிருந்த தன் அப்பாவை அவர் அண்ணாந்து பார்த்தார். உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீ சோபா மேல் ஏறி நின்று கை தட்டினாய். அன்றைக்குத்தான் நான் உன்னை "எங்க வீட்டு ரிப்கன்" என்றேன்.

இதுவரைக்கும் நீ கேட்ட பாதி. இனி நான் சொல்லாதது.

1987 செப்டம்பர் 14. டொராண்டோவில் ஆட்டம். அந்த வருடம் அணிக்கு மேனேஜர் அவருடைய அப்பாவேதான். தம்பி பில்லியும் அதே அணியில். ஒரே நேரத்தில் இரண்டு மகன்களுக்கு மேனேஜராக இருந்த அப்பா அதற்கு முன்னால் பெரிய லீகில் யாரும் இல்லை. அன்றைக்கு எதிரணி 10 ஹோம் ரன் அடித்து 18-3 என்று போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தது. ரிப்கன் அதுவரை ஆட்டங்களை மட்டும் இல்லை, ஒரு இன்னிங்ஸைக்கூட விட்டதில்லை. ஐந்து வருடத்துக்கு மேலாக, தொடர்ந்து 8,243 இன்னிங்ஸ். எட்டாவது இன்னிங்ஸில் அப்பா அவரை வெளியே எடுத்தார். அவ்வளவுதான். மகன் உட்கார்ந்தார், மறுநாள் வழக்கம்போல ஆடினார். இனி இந்தக் கணக்கு போதும் என்று முடிவு செய்தது அப்பா. அடுத்த வருடம் முதல் ஆறு ஆட்டமும் தோற்றதும் அந்த அப்பாவையே வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

இதை நான் 1995லேயே பத்திரிகையில் படித்துவிட்டேன், பாப்பா. உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நீ லீவு கேட்பாய் என்று பயந்தேன் போல.

அப்புறம் 1998 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. உனக்கு ஒன்பது வயது. ஆய்வக நண்பர் கொடுத்த இரண்டு டிக்கெட்டில் நீயும் நானும் ஓரியோல்ஸின் மைதானமான கேம்டன் யார்ட்ஸ் போனோம், மேல் வரிசை. அந்த சீசனின் கடைசி உள்ளூர் ஆட்டம், யாங்கீஸோடு. அதற்கு முந்தின வருடத்திலிருந்தே அவர் மூன்றாவது பேஸுக்கு மாறியிருந்தார். உன் மடியில் உன்னைவிடப் பெரிய பாப்கார்ன் டப்பா என்று நான் கேலி செய்துகொண்டிருக்கும்போதே அணி மைதானத்தில் இறங்கியது. மூன்றாவது பேஸில் 10 என்ற எண் போட்ட ஒரு பையன். ரயன் மைனர், புதியவர். யாரோ விளையாட்டுக்குச் செய்கிறார்கள் என்று அந்தப் பையனே நினைத்தானாம். ஆட்டத்துக்கு அரை மணி முன்னால் ரிப்கன் தானே மேனேஜர் ரே மில்லரிடம் போய், இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். 2,632 ஆட்டத்தோடு, 16 வருடத்துக்குப் பிறகு, முதல் லீவு. முதல் அவுட் விழுந்ததும் யாங்கீஸ் ஆட்டக்காரர்கள் எல்லாரும் தாங்கள் உட்காரும் டக்அவுட்டின் படியில் ஏறி நின்று கை தட்டினார்கள். அவர் வெளியே வந்து தொப்பியைத் தூக்கிக் காட்டினார்.

நீ என் சட்டையை இழுத்து, "அவருக்கு உடம்பு சரியில்லையாப்பா?" என்றாய். இல்லை என்றேன். "அப்போ ஏன் வரலை?" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. பேசாமல் ஆட்டத்தைப் பார் என்றேன். திரும்பி வரும் வழியெல்லாம் நீ கார் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாய்.

அந்தக் குளிர்காலத்திலேயே, பிப்ரவரியில், உனக்குக் காய்ச்சல். வருடம் முழுக்க ஒரு நாளும் விடாதவர்களுக்குப் பள்ளியில் சான்றிதழ் தருவார்கள். உன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். நன்றாகச் சுட்டது. மருந்தை ஊற்றிக் கொடுத்து, மேல்கோட்டின் பொத்தானை நானே போட்டுவிட்டு, பஸ் ஏற்றினேன். பதினொரு மணிக்கு அம்மா போய் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாதி நாள் இருந்தது கணக்கில் சேர்ந்துவிட்டது. அந்தச் சான்றிதழ் இன்னும் என் ஃபைலில் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். உன் பெயரை அவர்கள் தப்பாக எழுதியிருக்கிறார்கள், அதைக்கூட இத்தனை வருடம் நான் கவனிக்கவில்லை. என்னை மன்னித்துவிடு, அம்மாடி. அந்தக் காலையில் நான் உன்னை உட்கார வைத்திருக்க வேண்டும். மகனை உட்கார வைத்த அப்பாவின் கதை எனக்கு அப்போதே தெரியும்.

நீ கேட்ட கேள்விக்கு இப்போது சொல்கிறேன். ரிப்கன் எண்ணிக்கைக்காக வரவில்லை, ஆடுவதற்குத் தயாராக வந்தார். எண்ணிக்கை தானாகச் சேர்ந்தது. ஒரு கட்டத்தில் ஊர் முழுக்க ஆட்டத்தை விட்டுவிட்டு எண்ணையே பார்க்க ஆரம்பித்தபோது, அதை அவரே எடுத்துக் கீழே வைத்தார். யாரும் கேட்கவில்லை, முழங்காலும் மடங்கவில்லை. அதற்கப்புறமும் மூன்று வருடம் ஆடினார். பந்தை அடித்துப் பேஸ் சேர்ந்த கணக்கில் 3,000ஐத் தாண்டினார். சிறந்த ஆட்டக்காரர்கள் மட்டும் ஆடுகிற 2001 ஆல்-ஸ்டார் ஆட்டம், நீ தினம் பஸ்ஸில் கடந்து போகும் அதே சியாட்டல் மைதானத்தில்தான் நடந்தது. ஷார்ட்ஸ்டாப்பில் நிற்க வேண்டிய அலெக்ஸ் ரோட்ரிகஸ் அவரை அந்தப் பழைய இடத்துக்குத் தள்ளி அனுப்பிவிட்டுத் தான் மூன்றாவது பேஸுக்குப் போனார். நாற்பது வயது மனுஷன், வந்த முதல் பந்தையே ஹோம் ரன் அடித்தார். 2007இல் அவரைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தபோது அந்த மண்டபம் இருக்கிற சின்ன ஊரான கூப்பர்ஸ்டவுன் தாங்காத கூட்டம்.

அவருடைய அப்பா அதைப் பார்க்க இல்லை. மகன் உட்கார்ந்த ஆறு மாதத்தில், 1999 மார்ச்சில், நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார். 

நீ நர்ஸ். காய்ச்சலோடு வார்டுக்குப் போனால் அங்கே படுத்திருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று நான் உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேலே இருப்பவரிடம் நீயே போய், இன்றைக்கு வேண்டாம் என்று சொல். நீ சொல்லாவிட்டால் நான் போன் செய்து சொல்வேன், அப்புறம் கோபித்துக்கொள்ளாதே.

வெள்ளிக்கிழமை காலை விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், மத்தியானம் அங்கே இருப்பேன். அம்மா மிளகு ரசப்பொடி அரைத்துக் கொடுத்திருக்கிறாள், நாரத்தங்காய் ஊறுகாயும் வைத்திருக்கிறாள். என்னைக் கூப்பிட வர வேண்டாம், டாக்ஸி பிடித்து வந்துவிடுவேன். சாவியைக் கீழே ஆபீஸில் கொடுத்து வைத்துவிட்டுப் படுத்துக்கொள். நான் வந்து கதவைத் திறக்கும்போது நீ தூங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா